சுமையும் வெடிப்பும்

நமது நாட்டில் உழைப்பின் பயன்கள் பெரும்பாலும் பழைய லொறிகளிலேதான் பயணம் செய்கின்றன. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயம் தம்புள்ளைச் சந்தையைச் சென்றடைவதும், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய சீமெந்தும் மாவும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்வதும், இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த வண்டிகளின் முதுகிலே ஏறித்தான். அந்த முதுகு எவ்வாறு முறிகின்றது, முறிவதற்கு முன் அது என்னென்ன அடையாளங்களைக் காட்டுகின்றது, அவ்வடையாளங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாவர், அவர்கள் சொல்லை யார் கேட்கின்றனர் என்பனவற்றைச் சிந்திப்பது இலக்கிய ஏடொன்றுக்குப் புறம்பான காரியமென்று நாம் கருதவில்லை. மனிதர் உயிர் சம்பந்தப்பட்ட எந்த வாசிப்பும் நமக்குரிய வாசிப்பே.

பழைய வண்டியை ஓடவைப்பது நமது மக்களுக்குப் புதிய கலையன்று. 1990ஆம் ஆண்டின் பின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வராத நிலையிலே, சில துளி பெற்றோல் ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் யாழ்ப்பாணத்துத் தொழிலாளிகள். அண்மைக் காலத்திலும் நிலைமை வேறு வகையில் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையே 2022இன் நெருக்கடி, உதிரிப்பாகங்களின் விலையைச் சிறு உடைமையாளரின் கைக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டு சென்றது. பெட்போர்ட் லொறி செய்வதைப் பிரித்தானியாவில் அதன் உற்பத்தியாளர் 1986இலேயே கைவிட்டனர். எனினும் அந்தப் பெயர் பொறித்த முகங்கள் இன்னும் நமது வீதிகளில் ஆங்காங்கே சுமையுடன் எதிர்ப்படுகின்றன. இந்தத் திறமையை நாம் பாராட்டுகின்றோம். ஆனால், திறமையைப் பாராட்டும் ஆரவாரத்தில், எந்த வண்டி ஓடத் தக்கது, எந்த வண்டி நிற்க வேண்டியது என்ற கேள்வி அமுங்கிப்போகக் கூடாது.

லொறியின் அடிச்சட்டத்தை நமது தொழிலாளர் ‘செசி’ என்பர். அது தரையில் படுத்திருக்கும் ஏணி போன்றது. நீள வாக்கில் இரண்டு உருக்குச் சட்டங்கள். அவற்றை இணைக்கும் ஏணிப் படிகளைப்போலக் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டம் ஒவ்வொன்றும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பகர வடிவத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போல இருக்கும்: நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவர், அதன் மேலும் கீழும் மடிந்த இரண்டு விளிம்புகள். பெட்டியிலே சுமை ஏறியதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள பகுதி கீழ்நோக்கித் தொய்ய முற்படுகின்றது. அப்போது மேல் விளிம்பு நெருக்கப்படும். கீழ் விளிம்பு இழுபடும். பின் அச்சுக்கும் அப்பால் நீண்டு நிற்கும் வாற்பகுதியிலோ நிலைமை தலைகீழ். அங்கே இழுபடுவது மேல் விளிம்பு. உருக்கில் வெடிப்பு பெரும்பாலும் இழுபடும் பக்கத்திலேயே பிறக்கின்றது. ஆகவே எங்கே தேட வேண்டும் என்பதை வண்டியின் அமைப்பே சொல்லிவிடுகின்றது.

ஆயினும் விளிம்பு முழுவதும் ஒரே அளவில் வருந்துவதில்லை. எங்கே ஒரு துளை உண்டோ, எங்கே தடித்த இடம் திடீரென மெலிகின்றதோ, எங்கே ஸ்பிரிங்கைத் தாங்கும் அடைப்பு சட்டத்தோடு இணைகின்றதோ, எங்கே குறுக்குச் சட்டத்தின் முனை வந்து முட்டுகின்றதோ, அங்கெல்லாம் விசை குவிகின்றது. ஒரு சக்கரம் கிடங்கில் இறங்கி மறு சக்கரம் மேட்டில் நிற்கும்போது ஏணி முழுவதும் முறுகுகின்றது. அந்த முறுக்கைத் தாங்கித் தாங்கியே குறுக்குச் சட்டங்களின் தறையாணிகள் தளர்கின்றன. தளர்ந்த ஆணியைச் சுற்றிச் செம்மண் தூவினாற்போல ஒரு நுண்ணிய கறள் தூள் படியும். இரண்டு உலோகங்கள் ஓயாமல் ஒன்றோடொன்று உரசுவதன் சாட்சி அது. அவ்வாறே, மேலே பூசிய கறுப்பு வர்ணத்தில் ஒரு மயிரிழைக் கீறலும் அதிலிருந்து கீழே வழிந்த செந்நிறக் கோடும் தெரியுமானால், வர்ணத்தின் அடியிலே உருக்குப் பிளந்திருக்கின்றது என்று ஐயுறல் வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்கும் சோதனை மிக எளியது. நமது ஆசிரிய நண்பர்கள் அதனை அறிந்தால் மகிழ்வார்கள். ஏனெனில் அதற்கு வேண்டியவை மண்ணெண்ணெயும் வெண்கட்டியுமே. சந்தேகத்துக்குரிய இடத்தின் அழுக்கையும் வர்ணத்தையும் கம்பித் தூரிகையால் நீக்கி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட வேண்டும். பின்னர் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளை மேலே பூச வேண்டும். வெடிப்பு இருக்குமானால் அதனுள் ஒளிந்த எண்ணெய் மெல்ல ஊறி வெளிப்பட்டு, வெண்மையின்மீது கருங்கோடாக எழுதிக் காட்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் எழுத்து இன்னும் விரைவில் தெளியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துப் புகையிரதத் தொழிற்சாலைகளிலே வழங்கிய முறை இது. இன்றைய நுட்பமான கருவிகளெல்லாம் வந்த பின்பும், கருவி வாங்க வசதியற்ற கராச்சில் இதுவே நம்பிக்கைக்குரிய துணை.

இரும்பு களைக்கும் என்ற உண்மையை மனிதகுலம் இலகுவில் கற்கவில்லை. 1842 மே 8ஆம் திகதி வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றேறித் தீப்பற்றின. கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டனர். பார்வைக்கு நலமாயிருந்த அச்சு ஏன் முறிந்தது என்ற கேள்வி அதன் பின்னரே ஐரோப்பியப் பொறியியலாளரை உலுக்கியது. பிரஷ்யப் புகையிரதப் பொறியியலாளரான ஔகுஸ்ற் வோலர் 1850களின் பிற்பகுதி முதல் 1870 வரை நடத்திய சோதனைகள் விடையளித்தன. ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசையும், இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும். முறிந்த முகத்தைப் பார்த்தால் இவ்வரலாறு எழுதப்பட்டிருக்கும். கடல் வற்றும்போது மணலில் விடும் அலைவரிகள் போன்ற மழுமழுத்த பகுதி, வெடிப்பு நாட்கணக்கில் வளர்ந்த காலத்தைக் காட்டும். கரடுமுரடான எஞ்சிய பகுதி, இறுதிக் கணத்தில் ஒரேயடியாக அறுந்ததைக் காட்டும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. பற்றவைத்த இணைப்புகளின் ஆயுள், அவற்றின்மேல் வந்துபோகும் விசையின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பது பொறியியலாளர் பொதுவாகக் கைக்கொள்ளும் விதி. விசை ஒன்றரை மடங்கானால் ஆயுள் மூன்றில் ஒன்றிலும் குறைவாகும். இரு மடங்கானால் எட்டில் ஒன்றாகும். வீதியின் கதை இன்னும் மோசமானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்திய பெரும் வீதிச் சோதனையிலிருந்து பெறப்பட்ட நான்காம் அடுக்கு விதியின்படி, அச்சொன்றின் சுமை இரு மடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் பதினாறு மடங்காகும். மிகைச் சுமையால் வீதி கிடங்காகின்றது. கிடங்கு வண்டியை முறுக்குகின்றது. முறுகிய வண்டி மீண்டும் அதே வீதியில் மிகைச் சுமையுடன் வருகின்றது.

இனி ஸ்பிரிங்குகளுக்கு வருவோம். பழைய லொறியின் பின்புறத்தைத் தாங்குவது, நீளத்தில் குறைந்து செல்லும் உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விற்கட்டு. முதற் பட்டையின் இரு முனைகளும் சுருண்டு ‘கண்’களாக இருக்கும். ஒரு கண் செசியோடு ஆணியால் இணையும். மறு கண், ஸ்பிரிங் நீளவும் குறுகவும் இடங்கொடுக்கும் ‘சக்கிள்’ என்னும் ஊசல் இணைப்போடு சேரும். நடுவிலே எல்லாப் பட்டைகளையும் துளைத்துச் செல்லும் சென்ரர் போல்ட், அச்சின் இடத்தைக் குறித்து நிற்கும். இரு புறமும் யூ போல்ட்டுகள் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும். அச்சு நகராமல் காப்பது உண்மையில் இந்த இறுக்கமே. யூ போல்ட் தளர்ந்தால் முழுப் பாரமும் மெல்லிய சென்ரர் போல்ட்டின் மேல் விழும், அது அறும், அச்சு தன் இடம் விட்டு வழுகும். அப்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வராமல், வண்டி நண்டு நடப்பதுபோலச் சாய்ந்து நடக்கும். பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவனும் இதனைக் கண்டுகொள்ளலாம்.

சில காலத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் கராச் ஒன்றில் இத்தகைய வாசிப்பொன்றை நாம் அருகிருந்து காணும் வாய்ப்புப் பெற்றோம். அறுபது வயதைக் கடந்த அத்தொழிலாளி, வெங்காயம் ஏற்றும் லொறி ஒன்றை வெறுமையாக்கிச் சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தச் செய்தார். உடனே அடியில் நுழையவில்லை. பத்தடி பின்னே சென்று, குந்தியிருந்து, நெடுநேரம் பார்த்தார். பின்னர் நாடாவை எடுத்து, தரையிலிருந்து செசியின் உயரத்தை இரு புறமும் அளந்தார். இடப்புறம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. நமது வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்தவை; ஆதலால் இடப்புற ஸ்பிரிங்கே எப்போதும் கூடுதலாக உழைக்கின்றது என்று அவர் விளக்கினார். அடுத்து, முன்பக்கக் கண்ணின் ஆணியிலிருந்து அச்சின் நடு வரை இரு புறமும் அளந்தார். இடப்புறத்தில் முக்கால் அங்குலம் கூடுதல். அச்சு பின்னுக்கு நகர்ந்திருந்தது. சக்கிளின் அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பியபோது ஆணி தன் புஷ்ஷுக்குள் ‘கடக்’கென்று ஆடியது. கட்டின் மூன்றாம் பட்டை நடுத்துளையில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தின் பெரும் பகுதியிற் பழைய கறள். ஓரத்தில் மட்டும் புதிய உருக்கின் பளபளப்பு.

“நடுவிலை முறிஞ்சா யூ போல்ட் தளர்ந்தது எண்டு விளங்கிக்கொள்ள வேணும், முனையிலை முறிஞ்சா அது வேறை கதை” என்றார் அவர், தன்னிடம் தொழில் பழகும் இளைஞனை நோக்கி.

அதன் பின்னரே அவர் அடியில் நுழைந்தார். பின் ஸ்பிரிங்கின் முன் அடைப்புக்குச் சற்று முன்னே, இடச் சட்டத்தின் கீழ் விளிம்பில், முன்னொரு காலத்தில் எவரோ பற்றவைத்த வலுத்தகடு ஒன்று இருந்தது. அது முடிந்த இடத்திலேயே புதிய வெடிப்புத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு ஓரங்குலமே தெரிந்தது. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் இட்டபோது, அது விளிம்பைக் கடந்து நிமிர்ந்த சுவரில் இன்னும் இரண்டங்குலம் ஏறியிருப்பது வெளிப்பட்டது.

உடைமையாளர் அப்போது வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு லொறியே. அதனையும் அடகு வைத்து நிதிக் கம்பனியில் கடன் பெற்றிருந்தார்.

“அண்ணை, ஒரு வெல்டை வைச்சுக் கறுப்புப் பெயின்ற் அடிச்சு விடுங்கோ. சனிக்கிழமை தம்புள்ளைக்கு லோட் இருக்கு.”

“போன முறையும் ஆரோ அதைத்தான் செய்திருக்கினம், முதலாளி. அந்த வெல்ட் முடிஞ்ச இடத்திலைதான் இப்ப வெடிச்சுக் கிடக்கு. வெடிப்பை மூடலாம். அது ஏன் வெடிச்சது எண்டதை மூடேலாது.”

“லொறி நிண்டா மாதக் காசை நான் எப்பிடிக் கட்டுறது?”

இதுவரை பேசாதிருந்த சாரதி, அப்போது வாய் திறந்தார்.

“ஓடுறது நான், முதலாளி. பின்னாலை நடக்கிறது கண்ணாடியிலை தெரியாது, முதுகிலை தெரியும். இரண்டு மாதமாச் சொல்லிக்கொண்டுதான் வாறன். இனி உதைத் திருத்தாமல் நான் எடுக்கமாட்டன். இந்தப் பெடியனையும் ஏத்தமாட்டன்.”

‘இந்தப் பெடியன்’ என்றது, அருகில் நின்ற கிளீனரை. பதினெட்டு வயது இருக்கலாம். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள் அவ்விருவரும். லொறி நிற்கும் நாட்களுக்கு அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. “எடுக்கமாட்டன்” என்ற அந்த ஒரு சொல்லின் விலை, இரண்டு வீடுகளின் அடுப்பு. அதனை அறிந்தே அவர் சொன்னார். உடைமையாளர் நெடுநேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “சரி, செய்யுங்கோ” என்றார்.

வேலை ஆறு நாட்கள் எடுத்தது. முதலில் பழைய வலுத்தகட்டை வெட்டியகற்றினர். சட்டத்தின் தொய்வை ஜக் வைத்து நிமிர்த்தினர். வெடிப்பின் உண்மையான நுனியைக் கண்டு, அதற்குச் சற்று அப்பால் சிறு துளை இட்டனர். கூரிய நுனி உருண்டையாகிவிட்டால் வெடிப்பு மேற்செல்லும் வேகம் தணியும். பின்னர் பிளவை அடி வரை தோண்டித் திறந்து, நிரப்பிப் பற்றவைத்து, மட்டமாகத் தேய்த்தனர். உட்புறத்தில் நீண்டதொரு வலுத்தகட்டை, முனைகளைச் சாய்வாக வெட்டி, நிமிர்ந்த சுவரின் துளைகளின் ஊடாக போல்ட்டால் பூட்டினர். விளிம்பில் ஒரு துளையேனும் இடவில்லை. விளிம்புக்குக் குறுக்கே தகட்டைப் பற்றவைக்கவும் இல்லை. சாய்வான முனை பாரத்தைப் படிப்படியாகக் கைமாற்றும். நேராக வெட்டிய முனையோ அடுத்த வெடிப்புக்கு இடம் குறித்துக் கொடுக்கும். ஸ்பிரிங் கட்டுகள் இரு புறமும் ஒருசேர மாற்றப்பட்டன. யூ போல்ட்டுகள் புதியவை. முதற் சுமை ஏற்றி ஓடிய பின் அவற்றை மீண்டும் இறுக்க வேண்டுமென்று சாரதிக்குச் சொல்லப்பட்டது. பழுது பார்த்த இடத்தில் கறுப்பு வர்ணத்துக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைப் பூச்சுப் பூசினார் முதியவர். “இனி வெடிச்சா ஒளிக்கேலாது” என்றார்.

இந்நிகழ்ச்சியிலே கொடியவர் எவரையும் நாம் காணவில்லை. அதனாலேயே இது நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. விவசாயிக்கு விலை இல்லை. வாங்கும் மொத்த வியாபாரி, ஏற்றுகூலியை மூட்டைக்கு இவ்வளவென்று குறைத்துப் பேசுகின்றார். குறைந்த கூலியில் எரிபொருட் செலவும் கடன் தவணையும் தேற வேண்டுமாயின், உடைமையாளர் மூட்டைகளின் தொகையைக் கூட்ட வேண்டும். கூட்டிய மூட்டைகள் ஸ்பிரிங்கைத் தட்டையாக்குகின்றன. தட்டையான ஸ்பிரிங் செசியை நேரே இடிக்கின்றது. இடிபட்ட செசி கீழ் விளிம்பில் ஓரங்குலம் பிளக்கின்றது. சந்தைப் பேச்சில் சில ரூபாயாகத் தொடங்கியது இரும்பிலே வெடிப்பாக முடிகின்றது. பேரம் பேசியவர் எவரும் அந்த லொறியில் ஏறுவதில்லை. ஏறுபவர் சாரதியும் கிளீனருமே. எதிரே வரும் பேருந்திலும் வீதியோரத்திலும் நாமும் நமது பிள்ளைகளும் இருக்கின்றோம்.

ஆண்டுக்கொரு முறை பெறும் தகுதிச் சான்றிதழ் இதற்குப் போதிய காவலாகாது. சான்றிதழ் பெறும் நாளில் வண்டி வெறுமையாக, புதுவர்ணத்துடன் நிற்கும். வெடிப்போ சுமையின் கீழே, எஞ்சிய நாட்களிலே வளரும். அந்நாட்களில் வண்டியின் உண்மையை அறிந்தவர்கள் அதனை ஓட்டுபவரும் அதன் அடியிற் படுத்துத் திருத்துபவருமே. அவர்களது அறிவுக்கு நமது சமுதாயம் அறிவென்ற பெயரைத் தருவதில்லை. நமது வகுப்பறைகளில் ஊக்கின் விதியை மனனம் செய்த மாணவன், விற்சுருளொன்றின் நீட்சியைக் கணித்துப் புள்ளி பெறுகின்றான். கராச்சில் தொழில் பழகும் அவனது தோழன், அதே விதி எந்த இடத்தில் தோற்று, பட்டை ஏன் மீண்டும் நிமிரவில்லை என்பதைக் கையால் தடவிக் காண்கின்றான். ஒருவனுக்குச் சொல் இருக்கின்றது. மற்றவனுக்குப் பொருள் இருக்கின்றது. இவ்விருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது ஆசிரியரால் இயலும். பாடசாலைக்கு அருகிலுள்ள கராச்சுக்கு ஒரு பிற்பகல் மாணவரை அழைத்துச் சென்று, முறிந்த பட்டையொன்றை வாங்கிவந்து ஆய்வுகூடத்தில் வைத்தால், அதன் அலைவரிகளிலிருந்து பௌதிகமும் பொருளியலும் ஒருங்கே கற்பிக்கலாம்.

ஆனால் கல்வி மட்டும் போதாது. வெடிப்பைக் கண்டவனுக்கு வண்டியை நிறுத்தும் உரிமை வேண்டும். “எடுக்கமாட்டன்” என்று சொன்ன சாரதிக்கு அந்த ஆறு நாட்களின் கூலி இல்லாமற் போவது, உண்மை சொன்னதற்காக விதித்த தண்டம் அல்லவா? நடைக்கூலி முறை நீடிக்கும் வரை, பசியுள்ள மனிதன் வெடிப்பைக் கண்டும் காணாதவனாய் இருக்கவே நிர்ப்பந்திக்கப்படுவான். ஆகவே, பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுக்கும் தொழிலாளிக்கு அந்நாட்களின் சம்பளம் உறுதி செய்யப்படல் வேண்டும். மிகைச் சுமைக்கான பொறுப்பு சாரதியோடு நின்றுவிடாமல் அதனை ஏற்றச் சொன்னவரையும் சென்றடைதல் வேண்டும். லொறித் தொழிலாளரின் இக்கோரிக்கைகளை ஆசிரியரும் மாணவரும் தமது கோரிக்கைகளாக எடுத்துப் பேச முன்வர வேண்டும். வண்டியின் அடியிற் கிடப்பவனின் சொல் சந்தையில் மூட்டை எண்ணுபவனின் காதில் விழும் வரை, வெடிப்புகளின்மேல் கறுப்பு வர்ணம் பூசப்பட்டுக்கொண்டேயிருக்கும்.